சோம்பல் என்று சொல்லாதீர்!

சென்ற மாதம் சிட்லபாக்கத்தில் ஒரு நிக்காஹ் மஜ்லிஸில் அமர்ந்திருந்தேன். துஆ ஓதி முடிந்து, ஸஹன் வருவதற்கு முன் கிடைக்கும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் நம் சமுதாயத்தின் தீர்ப்புகள் பலவும் வழங்கப்படுகின்றன என்பதை வாசக அன்பர்கள் அறிவார்கள். அருகிருந்த பெரியவர் மார்க்கப் பற்றும் ஈகைக் குணமும் உடையவர். தம் சகோதரி மகனைக் குறித்து அவர் சொன்னார்: “அவனுக்கு நோயெல்லாம் எப்பவோ போயிடுச்சு ஹஜ்ரத். இப்பக் கத்துறதில்ல, தனக்குத்தானே பேசுறதில்ல. வேலைன்னு சொன்னாத்தான் முடியாது. கடைக்கு அனுப்பினா பாதி வழியில நின்னுடுறான். எல்லாம் சோம்பேறித்தனம். உட்கார்ந்து தின்னு பழகிட்டான்.” சூழ இருந்தோர் தலையசைத்தனர். அவர்களுள் ஒரு மௌலவியும் இருந்தார். மணவீட்டில் வாதிடுதல் முறையன்று என்று நான் வாளாவிருந்துவிட்டேன். அந்த மௌனம் இத்தனை நாளும் நெஞ்சை அறுத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே இதனை எழுதுகிறேன்.

அப்பெரியவரின் தீர்ப்பு பிழையானது. அதனால் விளையும் தீங்கோ பிழையினும் பெரிது.

அந்தப் பிள்ளைக்கு வந்த நோயை மருத்துவர்கள் தமிழில் மனச்சிதைவு என்று வழங்குகின்றனர். உலகில் இரண்டு கோடிக்கு மேற்பட்டோர்க்கு இந்நோய் உண்டென உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பெரும்பாலும் வாலிபத்தின் வாசலில் தலைகாட்டும். ஆண்மக்களுக்குச் சற்று முந்தியும் பெண்மக்களுக்குச் சற்றுப் பிந்தியும் வரும். யாரும் பேசாதிருக்கக் குரல் கேட்கும். உற்றாரே நஞ்சிட வருவதாகத் தோன்றும். இவை ஊரறியக் கூடிய குறிகள். ஆகவே வீட்டார் பதறி ஓடுகிறார்கள். மருந்து கொடுத்தால் பெரும்பாலோர்க்கு இவை தணிந்தும் விடுகின்றன. தணிந்தவுடன் நோய் போயிற்று என்று நாம் கணக்கை முடித்துவிடுகிறோம்.

ஆனால் அந்தக் கூச்சலுக்கு அடியில் கூச்சலிடாத மற்றொரு சேதம் இருக்கிறது. அதுதான் கவனம். இருவர் பேசும்போது ஒருவர் பேச்சைப் பற்றிக்கொண்டு மற்றதை விலக்குவது, ஒரு வேலையைத் தொடங்கிய இடத்திலிருந்து முடியும் இடம்வரை மனத்தில் ஏந்திச் செல்வது, ஒன்றை விட்டு மற்றொன்றுக்குத் தாவி மீண்டும் பழைய இடத்துக்குத் திரும்புவது ஆகிய இவற்றை நாம் மூச்சுவிடுவது போல் செய்துவிடுகிறோம். நோயுற்றவனுக்கோ ஒவ்வொன்றும் மலையேற்றம். 1961ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மெக்கீ, சாப்மன் என்னும் இரு அறிஞர்கள், நோய் தொடங்கிய நிலையிலிருந்த இளைஞர்களை அமரவைத்து அவர்கள் வாய்மொழியையே கேட்டு எழுதினார்கள். எதைக் கேட்பது எதை விடுவது என்று தெரிந்தெடுக்கும் ஆற்றல் தங்களை விட்டுப் போய்விட்டதாகவும், எல்லா ஓசையும் எல்லாக் காட்சியும் ஒரே வேளையில் உள்ளே பாய்வதாகவும் அவ்விளைஞர்கள் கூறினர். விசிறியின் ஓசை, வீதியில் பேருந்தின் ஒலி, அடுக்களையிலிருந்து உம்மா அழைக்கும் குரல் மூன்றும் ஒரே உரப்பில் வந்து விழுந்தால், எதற்கு அவன் பதில் சொல்வான்?

இது புதிதாகக் கண்டறிந்த செய்தியுமன்று. இந்நோயை முதன்முதலில் வகைப்படுத்தி எழுதிய ஜெர்மானிய மருத்துவர் கிரேப்லின், கவனம் ஓரிடத்தில் நில்லாமையை நூறாண்டுகளுக்கு முன்பே அதன் குறிகளுள் ஒன்றாகக் குறித்துவிட்டார். ஒரு திரையில் எழுத்துகளை ஒவ்வொன்றாக விரைந்து காட்டி, குறித்த எழுத்து வரும்போது மட்டும் பொத்தானை அழுத்தச் சொல்லும் எளிய சோதனை ஒன்று உண்டு. நோயுற்றோர் அதில் தவறவிடுவது மிகுதி. குரல்கள் அடங்கிய பின்னும் தவறுகிறார்கள். மருந்து தொடங்குமுன்னும் தவறுகிறார்கள். நோயே இல்லாத உடன்பிறப்புகளிடத்தும் இக்குறையின் மெல்லிய சாயல் காணப்படுகிறது. பழகிப்போன சோம்பலாயின், நோயில்லாத தங்கையிடத்தில் அது எப்படி ஏறிற்று? இன்றைய மருந்துகள் குரலை அடக்குமளவுக்குக் கவனத்தை மீட்டுத் தருவதில்லை. அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் கிரீன் 1996இல் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி நோக்கியபோது, ஒருவர் வேலையிலும் வாழ்க்கையிலும் நிலைகொள்வாரா என்பதைக் குரல்களும் பிரமைகளும் காட்டுவதைவிடக் கவனமும் நினைவுமே தெளிவாகக் காட்டின. நாம் நோய் போயிற்று என்று எண்ணும் அந்த நாளில்தான், பிழைப்பைக் கெடுக்கும் பகுதி எஞ்சி நிற்கிறது.

அரபு மொழியைப் பயிற்றுவித்துப் பிழைப்பவன் ஆதலால், இங்கே சொல்லாராய்ச்சி ஒன்றுக்கு இடம் கேட்கிறேன்.

மஜ்னூன் என்றவுடன் ஜின் பிடித்தவன் என்றே நம் மக்கள் பொருள் கொள்கின்றனர். ஜீம், நூன், நூன் என்ற வேரின் அடிப்படைப் பொருள் மறைத்தல், மூடுதல் என்பதாம். தாய் வயிற்றில் மறைந்திருக்கும் சிசு ஜனீன். மரங்கள் அடர்ந்து நிலத்தை மறைக்கும் தோட்டம் ஜன்னத். உடலை மறைக்கும் கேடயம் ஜுன்னத். கண்ணுக்கு மறைந்த படைப்பு ஜின். அறிவு மூடப்பட்டவன் மஜ்னூன். ஜின் தீண்டியவன் என்ற பொருளும் அகராதிகளில் உண்டு. அதனை ஒளிக்க நான் விரும்பவில்லை. ஆயினும் நம் ஃபிக்ஹு நூல்கள் மஜ்னூனைக் குறித்துச் சட்டம் பேசும்போது, பிடித்தது எது, எங்கிருந்து வந்தது என்று துருவுவதில்லை. அறிவு மூடியிருக்கிறதா, தெளிந்திருக்கிறதா என்ற ஒன்றையே நோக்குகின்றன. தெளியும்வரை அவன்மேல் எழுதுகோல் இல்லை என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனையன்றோ! வானவர் எழுதாத குற்றத்தை மாமுமார் எழுதுகிறார்கள்.

இக்கால அரபு மருத்துவர்கள் இந்நோய்க்கு இட்டுள்ள பெயர் ஃபுஸாம். இப்பெயரைக் கண்டபோது நான் உண்மையாகவே வியந்தேன். ஸர்ஃப் ஓதிய மாணவன் எவனும் அறிவான்: ஃபுஆல் என்ற வார்ப்பில் வரும் சொற்கள் பலவும் நோய்ப் பெயர்கள். ஜலதோஷம் ஸுகாம், தலைவலி ஸுதாஃ, இருமல் ஸுஆல், தொழுநோய் ஜுதாம். அவ்வரிசையில் ஒன்று ஃபுஸாம். பெயரின் வடிவமே இது நோய் என்று முழங்குகிறது! வேர்ச்சொல்லோ அதனினும் நுட்பமானது. காஃப் எழுத்தைக் கொண்டு கஸ்ம் என்றால் இரண்டாக முறிந்து பிரிந்துபோதல். ஃபே எழுத்தைக் கொண்டு ஃபஸ்ம் என்றால் விரிசல் விட்டும் பிரியாதிருத்தல். பழைய அகராதியாசிரியர்கள் இவ்வேறுபாட்டைத் தெளிவாக வரைந்திருக்கின்றனர். தமிழில் நாமோ சிதைவு என்கிறோம். சிதைந்த வீட்டில் யார் குடியிருப்பார்? கேட்ட மாத்திரத்திலேயே பெற்றவள் நம்பிக்கை இழந்துவிடுகிறாள். ஜப்பானியர் தம் மொழியில் வழங்கிய மனப்பிளவு என்ற பெயரை 2002ஆம் ஆண்டில் நீக்கிவிட்டு, ஒருங்கிணைப்புத் தவறிய நோய் என்னும் பொருள்படப் புதுப்பெயர் சூட்டினர். தென்கொரியர் 2011இல் அதைப் பின்பற்றி, நரம்பிசைக் கருவியின் தந்திகள் சுருதி கூட்டப்படாமையைக் குறிக்கும் பெயரொன்றைத் தேர்ந்தனர். தமிழறிஞர்களும் மருத்துவர்களும் கூடி இதனை ஒருமுறை எண்ணிப் பார்த்தால் என்ன?

விரிசல் விட்டும் பிரியாதிருத்தல் என்று அரபுச் சொல் கூறுவதையே இன்றைய மூளையாராய்ச்சியும் வேறு வழியில் வந்து தொடுகிறது. இதனை விளக்க எங்கள் ஊரார்க்கு மின்சார ரயிலே போதும். தாம்பரம் நிலையம் இருக்கிறது, சானடோரியம் இருக்கிறது, குரோம்பேட்டை இருக்கிறது. கட்டடம் இடியவில்லை, பணியாளரும் இருக்கின்றனர். ஆனால் இடையில் சமிக்ஞை பிழைத்தால், வரவேண்டிய வண்டி வராது; காலியாக இருக்கவேண்டிய பாதையில் வேறொரு வண்டி வந்து நிற்கும். நடைமேடையில் நிற்பவருக்கு அறிவிப்பு ஒன்று கேட்கும், வருவது மற்றொன்றாக இருக்கும். கவனம் என்பது மூளையின் ஓர் அறையில் பூட்டிவைத்த பொருளன்று. தொலைவிலுள்ள பல பகுதிகள் நேரம் தவறாமல் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதால் விளைவது. அந்தப் பேச்சு குலைவதே இந்நோயின் உட்கிடை என்ற கருத்தை 1995இல் லண்டனைச் சேர்ந்த ஃபிரிஸ்டன், ஃபிரித் என்னும் இருவர் முன்வைத்தனர். அதன் பின் எம்.ஆர்.ஐ. கருவிகொண்டு செய்த ஆய்வுகள் ஏராளம்.

அவற்றுள் இரண்டினை மட்டும் சொல்வேன். நாம் வேலையின்றிச் சும்மா இருக்கும்போது, தன்னைப் பற்றியும் பழையதையும் நினைத்துக்கொண்டிருக்கும் வேளையில், மூளையில் ஒரு வலையமைப்பு விழித்தெழுகிறது என்பதை 2001இல் அமெரிக்கப் பேரறிஞர் ரெய்க்கில் விளக்கினார். வெளிவேலை ஒன்று வந்தவுடன் அது தணிந்து வழிவிடவேண்டும். மனச்சிதைவு உற்றோரிடத்தில் அது போதிய அளவு தணிவதில்லை என்று 2009இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. நோயற்ற நெருங்கிய உறவினரிடத்தும் அதன் சாயல் இருந்தது. கடைக்குப் போகும் வழியில் பாதியில் நின்றுவிடுகிறான் என்றாரே அப்பெரியவர், நினைவிருக்கிறதா? உள்ளே ஓடும் வண்டி பாதையை விடவில்லை. வெளியே போகவேண்டிய வண்டி நிற்கிறது. மற்றொன்று மூளையின் நடுவே அமைந்த தலாமஸ் என்னும் பகுதி. மணம் நீங்கலாக ஏனைய புலன்களின் செய்திகள் அதன் வழியாகவே மேலேறுகின்றன. அதற்கும், எண்ணி முடிவு செய்யும் நெற்றிப் பகுதிக்கும் உள்ள தொடர்பு இந்நோயில் குன்றியிருக்கிறது. புலனையும் அசைவையும் ஆளும் பகுதிகளோடு உள்ள தொடர்போ மிகுந்திருக்கிறது. அடங்கவேண்டியது ஓங்கியும் ஓங்கவேண்டியது அடங்கியும் கிடக்கிறது. மூளையின் பகுதிகளைப் பிணைக்கும் வெண்பொருள் இழைகளைப் பல நாட்டார் கூடி ஆராய்ந்து 2018இல் வெளியிட்டனர். நோயுற்றோர் 1,963 பேர், நலமுடையோர் 2,359 பேர். ஏறத்தாழ மூளை முழுவதிலும் அவ்விழைகளில் மெல்லிய வேறுபாடு கண்டனர்.

மெல்லிய என்ற சொல்லை அழுத்திப் படியுங்கள். இவை கூட்டத்தின் சராசரிகள். தனியொருவர் தலையைப் படமெடுத்து இவருக்கு இந்நோய் உண்டு, இல்லை என்று கூறும் கருவி இன்றளவும் இல்லை. கட்டி முதலிய வேறு நோய் இருக்கிறதா என்று ஐயுற்று மருத்துவர் படம் கேட்டால் எடுக்கவேண்டும். மற்றபடி “ஸ்கேன்ல ஒண்ணும் இல்லை, ஆகவே நடிக்கிறான்” என்று முடிவு கட்டுவோரும், வளையலை விற்று மூன்றாவது முறை படமெடுப்போரும் ஒரே அறியாமையின் இரு கிளையார்.

இனி என் கணக்கு.

இருபது ஆண்டுகளுக்கு முன், மஃரிபுக்குப் பின் நடக்கும் மக்தபில் 17 வயது மாணவன் ஒருவன் என்னிடம் ஓதினான். பதினோரு ஜுஸ்உ மனனமாயிருந்தது. அழகிய கிராஅத். திடீரென்று வழுக்கத் தொடங்கினான். ஓர் ஆயத்தைத் தொடங்குவான், ஒத்த வேறோர் ஆயத்தில் போய் விழுவான், அங்கேயே நிற்பான். கண் மேலே சுழலும் விசிறியில் இருக்கும். நான் பிரம்பை எடுத்தேன். எழுப்பி நிற்கவைத்தேன். மற்ற மாணவர் முன்னிலையில் அவனை நையாண்டி செய்தேன். ஒரு நாள் அவன் மெல்லச் சொன்னான்: “ஹஜ்ரத், எல்லாச் சத்தமும் ஒண்ணா வருது.” அச்சொல்லை நான் சாக்கு என்று கொண்டேன். அவன் வாப்பாவை அழைத்து, பையன் மனத்தில் ஷைத்தான் ஊசலாடுகிறான், கண்டித்து வையுங்கள் என்றேன். அவரும் என் சொல்லை நம்பிக் கண்டித்தார். ஓராண்டு சென்றபின் குரல்கள் கேட்கலாயின. அதற்குப் பின்னும் இங்கொரு தாயத்து, அங்கொரு தகடு என்று இரண்டு ஆண்டுகள் கழிந்த பிறகே மருத்துவரிடம் போனார்கள்.

என் பிரம்பு அந்நோயை உண்டாக்கவில்லை என்று மருத்துவர் ஒருவர் எனக்கு ஆறுதல் கூறினார். உண்மைதான். ஆனால் நோய் தொடங்கி மருத்துவம் தொடங்கும்வரை செல்லும் காலம் நீள நீள, பின்விளைவும் மோசமாகிறது என்பதையும் அதே மருத்துவர்தாம் சொன்னார். அந்த மூன்று ஆண்டுகளில் என் பங்கு எவ்வளவு என்பதை அல்லாஹ் அறிவான். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யாவில் தொழுகையில் உள்ளம் நிலைபெறுதல் பற்றிய பகுதியை ஆண்டுதோறும் பாடம் நடத்துபவன் நான். கண்ணும் காதும் கொண்டுவந்து கொட்டும் செய்திகள் உள்ளத்தை எப்படிச் சிதறடிக்கும் என்று அவர்கள் எவ்வளவு நுணுக்கமாக வரைந்திருக்கிறார்கள்! நலமுடையவனுக்கே இத்தனை போராட்டம் என்றால், வாயிற்காவலனே நோயுற்றவன் என்ன செய்வான் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றாமற் போயிற்றே!

பிரம்பிலிருந்து சங்கிலிக்குத் தொலைவு அதிகமில்லை. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை அண்டித் தனியார் நடத்திய மனநோயாளர் விடுதியொன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றிற்று. உள்ளிருந்தோர் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தனர். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து அதனை வழக்காக எடுத்தது. அவ்வகை விடுதிகள் ஒரு வாரத்துக்குள் மூடப்பட்டன. 2007இல் விடுதி நடத்தியோர் தண்டனை பெற்றனர். பின்னாளில் அதே ஏர்வாடியில் தவாவும் துஆவும் என்ற திட்டத்தை அரசு கொண்டுவந்து, ஜியாரத்துக்கு வருவோர்க்கு மனநல மருந்தும் கிடைக்க வழி செய்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயுற்றவரை எவ்வகையிலும் எவ்வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்று தடுத்துவிட்டது.

தீ நடந்த பின் நம்மவர் இரு கட்சியாயினர். ஒரு சாரார் தர்காவையே பழித்தனர். மறுசாரார், அது தனியார் விடுதி, தர்காவுக்குத் தொடர்பில்லை என்று கைகழுவினர். நான் இரு சாராரையும் கேட்கிறேன்: அந்த 28 பேரை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் யார்? வீட்டார்தாமே! முஸ்லிம்கள் மட்டுமல்லர், எல்லாச் சமயத்தாரும் விட்டார்கள். கனவில் உத்தரவு வரும்வரை கட்டிப்போட்டு வையுங்கள் என்று மாதப் பணம் கட்டிவிட்டுப் போனார்கள். நகரத்துக்கு வந்து குடியேறிய நாம், அந்த அறியாமை நம்மோடு இல்லை என்று மார்தட்டுகிறோம். இரும்பை விட்டோம், சொல்லை விட்டோமா? தண்டச்சோறு, தறுதலை, வீட்டுக்குப் பிடித்த முஸீபத் என்ற சொற்களால் ஒரு நோயாளியை மாடியறையில் கட்டிப்போடும் வீடுகளை என்னால் விரல்விட்டு எண்ணிக் காட்ட முடியும்.

மேடைகளில் நம் பேச்சாளர்கள் டமாஸ்கஸில் நூருத்தீன் கட்டிய மருத்துவமனையையும், 1284இல் கெய்ரோவில் கலாவூன் எழுப்பிய மன்ஸூரி மருத்துவமனையையும், 1354இல் அலெப்போவில் நீரூற்றுகளோடு அமைந்த அர்கூன் மருத்துவமனையையும் சொல்லிப் பெருமை கொள்வார்கள். பெருமைக்குரியவையே. மனநோயாளரை மருத்துவமனைக்குள் அழைத்துப் பேணிய பழைய சமுதாயங்களில் நம்முடையதும் ஒன்று. ஆனால் 1184இல் டமாஸ்கஸைக் கண்ணால் கண்ட ஸ்பெயின் நாட்டுப் பயணி இப்னு ஜுபைர், அங்கேயும் சங்கிலியிடப்பட்ட நோயாளர் இருந்ததைக் குறித்துச் சென்றிருக்கிறார். அதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. முன்னோரின் நீரூற்றை மட்டும் பேசிவிட்டுச் சங்கிலியை மறைத்தால், நம் வீட்டுச் சங்கிலியும் நம் கண்ணுக்குத் தெரியாமற் போகும்.

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்போர்க்கு: லண்டனில் ஜார்ஜ் பிரௌன் என்பவரும் அவர்வழி வந்தோரும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து கண்டது, குறைகூறலும் கடிந்துரைத்தலும் மிகுந்த வீட்டுக்குத் திரும்பிய நோயாளரிடத்தில் நோய் மீண்டும் தலைதூக்குவது அதிகம் என்பதாம். 1987இல் வெளியான சண்டிகர் ஆய்வில், நம் நாட்டு வீடுகளில் அத்தகைய கடுஞ்சொல் லண்டனைவிடக் குறைவாகக் காணப்பட்டது. இது நமக்குக் கிடைத்த பெருஞ்செல்வம். சென்னையில் 1981இல் தொடங்கி, முதன்முறை நோயுற்ற 90 பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வில், பத்தாண்டுகளுக்குப் பின் பெரும்பாலோரிடம் குரல், பிரமை முதலிய குறிகள் தணிந்திருந்தன. அவர்களில் பெரும்பாலோர் வீட்டோடு இருந்தவர்கள். வீடு மருந்தாகும். அதே வீடு நாவினால் நஞ்சும் ஆகும். அறிவு குறைந்தோரின் பொருளைப் பொறுப்பேற்றவர்களுக்கு சூரா நிஸாவின் தொடக்கத்தில் மூன்று கடமைகள் இடப்பட்டுள்ளன. உணவும் உடையும் நாம் அறிந்தவை. மூன்றாவதாக அவர்களிடம் நல்ல சொல் பேசவேண்டும் என்ற கட்டளையைத்தான் நம் வீடுகள் ஓதாமல் கடந்துவிடுகின்றன.

மருந்துதான் அவனை மந்தமாக்கிவிட்டது என்று சிலர் சொல்வர். இதில் ஓரளவு உண்மை இருப்பதால் தள்ளிவிட மாட்டேன். அளவுக்கு மிஞ்சிய மருந்தும், கைநடுக்கத்துக்கென்று கூடவே தரப்படும் சில மாத்திரைகளும் நினைவையும் கவனத்தையும் மழுக்கக் கூடும். அதனை மருத்துவரிடம் சொல்லி அளவைச் சீர்செய்துகொள்ள வேண்டும். தாமாக நிறுத்திவிட்டு, ஆறு மாதம் கழித்துக் குரல்கள் திரும்பிய பின் ஓடுவது அறிவுடைமையாகாது. ஜின்னை மறுக்கிறீரா என்று கேட்போர்க்கு, மறுக்கவில்லை, என் ஈமான் அதில் உறுதியாக இருக்கிறது என்பேன். ஜின் உண்டு என்பதிலிருந்து, இந்தப் பையனைப் பிடித்தது ஜின்தான் என்ற முடிவுக்கு வர எந்தக் கிதாபில் உங்களுக்குச் சான்று? ஓதிப் பாருங்கள், தடுப்பார் யார்? நோயை இறக்கியவன் மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்று கற்பித்த நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத், ஓதிய தண்ணீரோடு மாத்திரையையும் விழுங்கினால் என்ன குறைந்துவிடும்?

எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு சான்று நிற்கிறது. 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளருக்கென நிறுவிய சானடோரியம் அது. ரயில் நிலையத்தின் பெயரே அதனால் வந்தது. காசம் என்றால் பெண் கொடுக்க மாட்டார்கள், வீட்டில் அண்டவிட மாட்டார்கள் என்று ஒரு காலம் இருந்தது. 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வொன்று, வீட்டிலிருந்தபடியே மருந்துண்டாலும் சானடோரியத்தில் தங்கியதற்கு ஒப்பான பலன் உண்டென்று காட்டி உலகத்தின் வழக்கத்தையே மாற்றிற்று. அன்றும் சரி, இன்றும் சரி, வேண்டுமென்றே இருமுகிறாய் என்று காசநோயாளியை யாரும் ஏசியதாக நான் கேட்டதில்லை. நுரையீரலுக்குக் காட்டும் இந்த நீதியை மூளைக்கும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

செய்யத்தக்கவை பெரிய காரியங்களுமல்ல. பேசும்போது தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். ஒரு வேளைக்கு ஒரு வேலை சொல்லுங்கள். அது முடிந்த பின் அடுத்தது. நீண்ட கட்டளையை எழுதிக் கையில் கொடுங்கள். கவனத்தையும் நினைவையும் படிப்படியாகப் பழக்கும் பயிற்சிகள் உண்டு. வேலைப் பயிற்சியோடு சேர்த்துத் தரும்போது அவை கூடுதல் பலன் தருகின்றன என்று ஆய்வுகள் கூறுகின்றன. டாக்டர் சாரதா மேனன் அம்மையார் 1984இல் சென்னையில் நிறுவிய மனச்சிதைவு ஆய்வு நிறுவனம் இத்துறையில் நெடுங்காலமாகப் பணியாற்றி வருகிறது. கீழ்ப்பாக்கத்து அரசு மனநல நிலையமும், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் எங்கள் பக்கத்தாருக்கு எட்டும் தொலைவிலேயே இருக்கின்றன. வெட்கப்பட்டு நேரில் போகாதவர்கள் 14416 என்ற அரசு எண்ணுக்குக் கட்டணமின்றித் தொலைபேசியில் பேசலாம். இந்த எண்ணைத் தொழுகை நேரப் பலகைக்குக் கீழே எழுதிவைக்க ஜமாஅத் நிர்வாகங்களுக்கு ஒரு சுண்ணக்கட்டிதான் செலவு. எங்கள் மஹல்லாவில் நான் கேட்டபோது, “பள்ளிவாசல்ல பைத்தியக்கார ஆஸ்பத்திரி நம்பரா?” என்றார் ஒருவர். அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.

அன்று என்னிடம் அடிபட்ட மாணவன் இன்று நாற்பதை நெருங்குகிறான். எங்கள் மத்ரஸா நூலகத்தில் கிழிந்த கிதாபுகளுக்கு அட்டை ஒட்டுகிறான். ஒரு நேரத்தில் ஒரு கிதாபுதான் அவன் முன்னால் வைப்போம். இரண்டு வைத்தால் இரண்டும் நிற்கும். ஒன்று வைத்தால் மாலைக்குள் நான்கு முடிப்பான். மணவீட்டில் பேசிய பெரியவருக்கு இவ்விதழின் ஒரு படியை நானே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். தங்கை மகனைக் கடைக்கு அனுப்பும்போது சீட்டில் இரண்டு பொருளுக்கு மேல் எழுதவேண்டாம், பாதி வழியில் நின்றால் நின்ற இடத்துக்கே போய்ச் சீட்டை எடுத்துக் காட்டுங்கள் மாமு என்று சொல்லிவிட்டு வருவேன்.